முள்ளோடை தாண்டிப் போய்க் காட்டும் மரு

மறைவிடத்தில் ஏதாவது வந்துவிட்டால் கடலூர்க்காரர் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுவார். பாண்டிச்சேரிக்காரர் கடலூருக்கு வருவார். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். இடையில் எல்லையாக இருக்கும் முள்ளோடையைத் தாண்டிவிட்டால் தெரிந்த முகம் எதிரே வராது என்று ஒரு நம்பிக்கை. மஞ்சக்குப்பத்தில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இப்படி வருகிறவர்களை உட்காரும் இடத்தை வைத்தே தெரிந்துவிடும். டோக்கன் முன்னதாகவே வாங்கியிருப்பார்கள். முறை வந்ததும் "அவங்க போகட்டும்" என்று பக்கத்தில் இருப்பவரை அனுப்பிவிட்டு, கடைசி ஆளாக உள்ளே வருவார்கள்.

அரியாங்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அப்படித்தான் வந்தார். வயது 34, ஷிஃப்ட் வேலை, திருமணமாகிப் பத்து வருஷம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.

"மரு மாதிரி இருக்குது சார். ஆறு மாசமா இருக்கு. அம்மான் பச்சரிசிப் பால் வெச்சுப் பார்த்தேன். புண்ணாகி ஆறிச்சு, திரும்ப வந்துடுச்சு."

ஆணுறுப்பின் தண்டுப் பகுதியில் ஏழு புள்ளிகள் இருந்தன. சிறியது கடுகளவு, பெரியது துவரம்பருப்பு அளவு. மேல்பகுதி தட்டை, நிறம் அடர்ந்த பழுப்பு. சாதாரண மரு காலிஃபிளவர் பூப்போல மேலே சொரசொரப்பாக இருக்கும். இவை வழவழப்பாக இருந்தன. வலி இல்லை, எப்போதாவது லேசான அரிப்பு. இதற்கு மருத்துவத்தில் 'போவனாய்டு பாப்புலோசிஸ்' என்று பெயர். புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்ற பட்டியலில் வைக்கப்பட்டிருக்கும் தோல் நோய். ஹெச்.பி.வி. என்ற வைரஸ் குடும்பத்தில், பெரும்பாலும் 16-ஆம் எண் வைரஸால் வருவது. ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கும் வரும். பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளி உதடுகளிலும் உள் உதடுகளிலும், இரு பாலருக்கும் ஆசனவாயைச் சுற்றியும் வரலாம். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம்.

நிறத்தைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். தோல் மருத்துவப் பாடநூல்களில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல் படங்கள். அதில் இந்தப் புள்ளிகள் சிவந்தும் செம்பழுப்பாகவும் தெரியும். நம் தோலில் அவை அடர்பழுப்பாக, கருநீலமாக, சில சமயம் முழுக் கறுப்பாகவே இருக்கும். அதனால் ஆண்கள் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். பெண்கள் இன்னும் மோசமாக ஏமாறுகிறார்கள். முடி எடுத்ததால் கறுத்துவிட்டது, உடம்புச் சூடு, நாப்கின் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒழிய அவர்களுக்கு அந்த இடம் தெரியாது என்பதும் உண்மை.

இந்தப் பெயர் வந்த கதையைத் தெரிந்துகொண்டால் நோயின் குணம் பாதி விளங்கிவிடும். 1912-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தோல் மருத்துவர் ஜான் போவன், மெல்ல மெல்லப் பரவும் ஒருவகைத் தோல் தடிப்பை விவரித்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் மேல்தோலின் முழுக் கனத்துக்கும் செல்கள் புற்றுநோய் செல்களைப்போல ஒழுங்கு கெட்டுக் கிடந்தன. ஆனால் தோலின் அடிச் சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. அது போவன் நோய். பொதுவாக வயதானவர்களுக்கு, ஒற்றைத் திட்டாக வரும். 1970-களில் வேறொன்று மருத்துவர்கள் கண்ணில் பட்டது. இளம் வயதினருக்கு மறைவிடத்தில் சிறு சிறு புள்ளிகள். வெளியே பார்த்தால் மரு, நுண்ணோக்கியில் பார்த்தால் போவன் நோய். ஆனால் போவன் நோயைப்போல நடந்துகொள்ளவில்லை. பலருக்குத் தானாகவே மறைந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் 1977, 1978 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில்தான் 'போவன் நோயைப் போன்ற' என்று பொருள்படும் இந்தப் பெயர் நிலைத்தது. 1983-இல் ஜெர்மனியில் ஹரால்ட் ஸூர் ஹவுசனின் குழு கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து ஹெச்.பி.வி. 16-ஐப் பிரித்துக் காட்டியது. அந்த வருஷமே இந்தப் புள்ளிகளிலும் அதே வைரஸ் இருப்பது தெரியவந்தது. ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே வைரஸ். ஓரிடத்தில் புள்ளி போடுகிறது, இன்னோரிடத்தில் புற்றுநோய் உண்டாக்குகிறது. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒன்றைச் சொல்லத்தான்.

வைரஸ் என்ன செய்கிறது? தோல் கீழிருந்து மேலாக வளர்வது. அடி வரிசையில் இருக்கும் செல்கள் மட்டும்தான் பிரிந்து பெருகும். மேலே ஏற ஏறத் தட்டையாகி, உயிர் போய், நாம் தேய்த்துக் குளிக்கும்போது அழுக்கோடு உதிர்ந்துவிடும். ஏறக்குறைய ஒரு மாதப் பயணம் அது. உடலுறவின்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அந்த வழியாக வைரஸ் அடி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தத்தில் பரவாது, காய்ச்சல் காட்டாது, நெறி கட்டாது, செல்லைக் கொல்லவும் செய்யாது. அதனால் உடம்பின் காவலுக்கு அது வந்திருப்பதே சீக்கிரம் தெரிவதில்லை. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள வேண்டுமானால் செல் பிரிந்துகொண்டே இருக்க வேண்டும். மேலே ஏறிய செல்லோ பிரிவதை நிறுத்திவிடும். நிறுத்துகிற இரண்டு பிரேக்குகள் நம் செல்லில் உண்டு. ஒன்றின் பெயர் பி53, மற்றது ஆர்பி. ஹெச்.பி.வி. 16 தயாரிக்கும் இ6 என்ற புரதம் முதல் பிரேக்கையும், இ7 என்ற புரதம் இரண்டாவது பிரேக்கையும் பிடுங்கிவிடுகின்றன. பைக்கில் முன் பிரேக்கும் இல்லை, பின் பிரேக்கும் இல்லை என்றால் என்ன ஆகும்? மேல் வரிசைவரை செல்கள் பிரிந்துகொண்டே போகும். அவை குவிந்து மேடாகித் தெரிவதுதான் அந்தத் துவரம்பருப்புப் புள்ளி.

ஆனாலும் பெரும்பாலானவர்களின் உடம்பு ஒருநாள் விழித்துக்கொள்கிறது. ஹெச்.பி.வி. தொற்றுகளில் பத்தில் ஒன்பது இரண்டு வருஷத்துக்குள் அடங்கிவிடும். வைரஸ் வந்ததே அவர்களுக்குத் தெரியாது. அடங்காமல் தங்கிவிடும் மீதிதான் பிரச்சினை. ஹெச்.ஐ.வி. இருப்பவர்கள், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், புகை பிடிப்பவர்கள் ஆகியோரிடம் அது தங்குகிற வாய்ப்பு கூடுதல்.

அரியாங்குப்பத்துக்காரருக்கு ஒரு புள்ளியிலிருந்து சதை எடுத்தோம். பயந்துவிட்டார், அதனால் எப்படி எடுப்போம் என்று காட்டிவிட்டே செய்தேன். மரத்துப்போகும் ஊசி ஒன்று, அது மட்டும் சுருக்கென்று குத்தும். பிறகு பேனா முனை அளவுள்ள வட்டக் கத்தியால் மூன்று மில்லிமீட்டர் எடுத்து ஃபார்மலின் குப்பியில் போட வேண்டும். ஒரு தையல். கூடவே போகும் தாளில் நோயாளியின் வயது, புள்ளிகள் எத்தனை, எவ்வளவு பெரியவை, எத்தனை மாதமாக இருக்கின்றன என்று எழுத வேண்டும். இந்த நான்கு வரி மிகவும் முக்கியம். நுண்ணோக்கியில் இதையும் போவன் நோயையும் பிரித்துச் சொல்வது கடினம். தாளில் ஒன்றும் எழுதாமல் அனுப்பினால், 'மேல்தோலுக்குள் அடங்கிய புற்றுநோய்' என்று மட்டும் அறிக்கை வரலாம். அதைக் கையில் வாங்கும் முப்பது வயதுக்காரர் என்ன ஆவார்? இந்த நோய் தனியாக அடையாளம் காணப்படுவதற்கு முந்தைய காலத்தில், இளம் பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியையே வெட்டி எடுத்த கொடுமையெல்லாம் நடந்திருக்கிறது. செல்லைப் பார்த்து மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆளையும் பார்த்து எழுத வேண்டும்.

புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றால் அடுத்தது புற்றுநோய்தான் என்று நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நோயில் அப்படி இல்லை. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் புள்ளி புற்றுநோயாக மாறுகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அந்த இரண்டு மூன்று பேரில் நாற்பதைத் தாண்டியவர்களும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும்தான் அதிகம். சிலருக்கு, குறிப்பாகக் கர்ப்ப காலத்தில் வந்த பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு, மருந்தே இல்லாமல் மறைந்துவிடும். மற்ற பெண்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கூடுதலாக எச்சரிக்கையாக இருப்பேன். வயது ஏறிய பெண்ணுக்குப் புள்ளிகள் சேர்ந்து திட்டாகி, மாதக்கணக்கில் நின்றுவிட்டால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பெண்கள் நல மருத்துவரிடம் அனுப்பி, கருப்பைவாய், பிறப்புறுப்பு, ஆசனவாய் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். புள்ளி புண்ணாகி ஆறாமல் இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, தடித்துக் கல்லுப்போல ஆனாலோ, முன்தோல் பின்னால் போகாமல் இறுகிவிட்டாலோ, ஆணோ பெண்ணோ ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

கைவைத்தியம் பற்றிக் கோபப்படாமல் எழுத முயல்கிறேன். அம்மான் பச்சரிசிப் பாலும் எருக்கம்பாலும் நம் ஊரில் மருவுக்கு வைக்கிற பழக்கம் எனக்கும் தெரியும். கைவிரல் மருவுக்கு வைத்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். மறைவிடத் தோல் மெல்லியது. அங்கே அந்தப் பால் பட்டால் வெந்துபோகும். வெந்த இடம் வைரஸ் இன்னும் பரவ வழி. சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைத்துவிட்டு நடக்க முடியாமல் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய தொல்லை மெடிக்கலில் கேட்டு வாங்கும் டியூப். அரிப்பு என்று சொன்னால் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த களிம்பு கையில் வந்துவிடுகிறது. 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இலேயே உத்தரவு போட்டது. நடைமுறை எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியையும் சேர்த்து அடக்கும். ஹெச்.பி.வி.க்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு சுவரிலும் கட்டணக் கழிப்பறைக் கதவிலும் ஒட்டியிருக்கும் 'ரகசிய நோய்' நோட்டீஸைப் பார்த்து லாட்ஜ் அறையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் பணத்தோடு இழப்பது சிகிச்சைக்கான காலத்தையும்தான்.

எங்களிடம் உள்ள சிகிச்சை எளிமையானது. திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைப்போம், மைனஸ் 196 டிகிரிக் குளிர் அது. மின்சூட்டால் அல்லது லேசரால் பொசுக்குவதும் உண்டு. இமிக்விமாட் என்ற களிம்பை வாரத்தில் மூன்று இரவு தடவிக் காலையில் கழுவச் சொல்வதும் உண்டு. அது வைரஸைக் கொல்வதில்லை, அந்த இடத்தில் உடம்பின் காவலைத் தட்டி எழுப்புகிறது. அதனால் சிவந்து எரியும். எரிகிறதே என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். எந்த முறையில் எடுத்தாலும் சுற்றியுள்ள தோலில் வைரஸ் இருந்தால் திரும்ப வரலாம். அதனால் மூன்று மாதம், ஆறு மாதம் என்று தேதி போட்டு வரச் சொல்கிறோம். ஹெச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையும் ஒருமுறை செய்துவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் பணம் வாங்குவதில்லை, விவரம் வெளியே போகாது.

அறிக்கை வந்த நாளில் அவர் கேட்ட கேள்வி சிகிச்சையைப் பற்றியதல்ல.

"வீட்ல சொல்லணுமா சார்?"

"சொல்லணும் தம்பி. கூட்டிட்டு வாங்க, நான் சொல்றேன்."

ஏன் சொல்ல வேண்டும்? ஆணின் தோலில் ஹெச்.பி.வி. 16 புள்ளி போட்டு வெளியே தெரிந்துவிடுகிறது, தொல்லையும் குறைவு. அதே வைரஸ் மனைவியின் கருப்பைவாயில் இருந்தால் அங்கே புள்ளியும் இல்லை, அரிப்பும் இல்லை. வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் ரத்தம் என்று தெரிய ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நல்ல எதிர்ப்பு சக்தி உள்ள பெண்ணுக்குத் தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போக 15 முதல் 20 வருஷம் ஆகும். அவ்வளவு நீண்ட அவகாசத்தை இயற்கை கொடுத்தும், இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். கணவன் தோலில் இருக்கும் புள்ளி, மனைவிக்கு நேரத்தோடு கிடைத்த தகவல். அதை மறைப்பது அவர் மானத்தைக் காப்பதாக அவருக்குத் தோன்றலாம். ஆனால் விலை கொடுப்பது அவள்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். நான் சொல்வதையெல்லாம் தலை நிமிராமல் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "இது எப்பலேர்ந்து சார்?"

இந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் விளக்க வேண்டியதில்லை. மருத்துவ உண்மை இதுதான்: சொல்ல முடியாது. ஹெச்.பி.வி. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு தலைகாட்டும். திருமணத்துக்கு முன்பே வந்திருக்கலாம். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்டும் பரிசோதனை எதுவும் கிடையாது. இந்தப் புள்ளியை வைத்து ஒருவர் துரோகம் செய்தார் என்று நிரூபிக்கவும் முடியாது, செய்யவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது. உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது ஏதோ ஒரு வகை ஹெச்.பி.வி. வந்து போகிறது. இதையெல்லாம் அப்படியே சொன்னேன். அவர் நம்பினாரா என்பது வேறு. ஆனால் நான் சமாதானத்துக்காக எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆணுறை போட்டால் போதுமா என்று கணவர் கேட்டார். ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. ஆணுறை மூடாத தோலிலிருந்தும் வைரஸ் ஒட்டும்.

கருப்பைவாய்ப் பரிசோதனை என்றதும் அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் கண்முன் வந்தது. படுக்க வைத்து, ஸ்பெகுலம் என்ற கருவியால் வழியைக் கொஞ்சம் விரித்து, சமையலறை வினிகரில் இருக்கும் அதே அசிடிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீதக் கரைசலாகப் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவுவார்கள். ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். கெட்டுப்போன செல்கள் இருக்கும் இடம் வெள்ளைவெளேரென்று மாறும். நன்றாக இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அவ்வளவுதான், அன்றைக்கே முடிவு தெரியும். இந்த ஒரு நிமிஷத்துக்கு என்ன வலிமை என்று உலகத்துக்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். அங்கே 30 முதல் 59 வயதுவரையிலான கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள் இந்தச் சோதனையைச் செய்தார்கள். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. இப்போது அதைவிட நுட்பமான ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையைத்தான் உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்கிறது. அது கிடைக்காத இடத்தில் வினிகர் சோதனை இருக்கிறது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஏதாவது தெரிந்தால் மேற்கொண்டு பார்க்க கோரிமேட்டு ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது.

அந்த அம்மாவுக்குச் சோதனையில் வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை. இருந்தாலும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கணவருக்கு நைட்ரஜன் மூன்று தடவை வைத்தாயிற்று. ஏழில் ஐந்து போய்விட்டன, இரண்டு சுருங்கி நிற்கின்றன. சிகரெட்டைப் பாதியாகக் குறைத்திருப்பதாகச் சொல்கிறார். அது போதாது, முழுதாக விட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

கடைசியாக வந்தபோது அவர் மனைவி மகளைப் பற்றிக் கேட்டார். ஹெச்.பி.வி. தடுப்பூசியை வைரஸ் வருவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன். வந்த புள்ளியை அது ஆற்றாது, அதனால் அப்பாவுக்கு அது மருந்தாகாது. 9 முதல் 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, அதற்கு மேல் என்றால் மூன்று. புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் செர்வாவேக் 2022-இல் அனுமதி பெற்றது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது. மறைவிட மரு வருவது பெரும்பாலும் முதல் இரண்டால், கருப்பைவாய்ப் புற்றுநோய் வருவது பெரும்பாலும் பின் இரண்டால். ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசியை அறிவித்தது.

"எங்க பொண்ணுக்கு வர்ற மார்ச்சுல ஒன்பது முடியுது சார். பரீட்சை நேரம், காய்ச்சல் வந்துடுமா?"

கை வலிக்கும், சிலருக்கு ஒருநாள் உடம்பு சுடும். முதல் ஊசிக்கு முழுப் பரீட்சை லீவில் வரும் முதல் சனிக்கிழமையை எழுதிக் கொடுத்தேன்.